பிரஷர் 98, கையில் மாத்திரை: கொடுப்பதா, வேண்டாமா?

உச்சிப்புளிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் தருகிறேன்.

"அக்கா, எங்கள் இல்லத்தில் 22 பேர். நர்ஸ் வாரத்தில் மூன்று நாள் பகலில் வருவார். மற்ற நேரம் நானும் இன்னொரு பெண்ணும்தான் மாத்திரை கொடுக்கிறோம். போன மாதம் 78 வயது அப்பத்தா ஒருவருக்கு ராத்திரி நாலைந்து தடவை வயிற்றால் போனது. காலை ஆறரைக்கு பிரஷர் பார்த்தேன், 98/60 காட்டியது. பிரஷர் மாத்திரை கொடுக்கலாமா என்று பொறுப்பாளருக்குப் போன் போட்டேன், 'சீட்டுல இருக்குல்ல, கொடுத்துருங்க' என்றார். கொடுத்தேன். எட்டு மணிக்குக் கஞ்சி குடித்தார், ஒன்பது மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர் கண்ணைக் கட்டுது என்று சொல்லிக்கொண்டே விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று அவர் மகன் சத்தம் போடுகிறார். இரண்டு மாதமாக அவருக்குக் கால் வீக்கமும் இருந்தது, வயசுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். அவருடைய சீட்டு இரண்டையும் படம் எடுத்து அனுப்புகிறேன். பிரஷர் குறைவாக இருந்தால் மாத்திரையை நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டா?"

தங்கச்சி, நீங்கள் பிரஷர் பார்த்தீர்கள், எண்ணைப் பார்த்துப் பயந்தீர்கள், போன் போட்டுக் கேட்டீர்கள். இதைக் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட ஆள்தான் தப்பு. பொறுப்பாளர் அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் தண்ணீர் லாரிக்கும் பொறுப்பு. மாத்திரை விஷயத்தில் 'கொடு' என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை, அப்படிச் சொன்னாலும் நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். நிறுத்துவது வேறு, தள்ளி வைப்பது வேறு. ஒரு மாத்திரை இனி இவருக்கு வேண்டாம் என்று முடிவு செய்வது டாக்டர் மட்டும்தான், அது உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது, நான் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள், டாக்டர் இல்லை. ஆனால் 98 என்று மிஷின் காட்டுகிறது, ஆளும் ராத்திரியெல்லாம் வயிற்றால் போய்த் துவண்டு கிடக்கிறார் என்றால், அந்த ஒரு வேளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கேட்கும் வரை கொடுக்காமல் இருப்பதை யாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். டாக்டர் கிடைக்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போடுங்கள், இல்லையென்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். நோட்டில் 'மாத்திரை கொடுக்கவில்லை, காரணம் பிரஷர் 98/60, வயிற்றுப்போக்கு, இன்னாரிடம் இத்தனை மணிக்குச் சொன்னேன்' என்று எழுதிவிட்டால் நீங்கள் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டீர்கள்.

சரி, இப்போது நீங்கள் அனுப்பிய சீட்டுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு சீட்டு தனியார் டாக்டருடையது. அதில் ஒரே மாத்திரைதான் எழுதியிருக்கிறது, ஆனால் அந்த ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து இருக்கிறது: டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5. கடைசியாகச் சொன்னதுதான் நாம் நீர் மாத்திரை என்கிற வகை, உடம்பில் இருக்கும் நீரைச் சிறுநீராக இறக்குவது. இன்னொரு சீட்டு சுகாதார நிலையத்துடையது, இரண்டு மாதம் முந்தைய தேதி, அதில் அம்லோடிபின் 5. ஒன்றின் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கிறது, இன்னொன்றில் மருந்தின் பெயரே இருக்கிறது, நிறமும் வேறு, அதனால் பார்க்கிறவருக்கு இரண்டு வேறு மாத்திரை என்றுதான் தோன்றும். அப்பத்தாவுக்கு இரண்டு மாதமாக தினமும் அம்லோடிபின் 5-க்குப் பதில் 10 போயிருக்கிறது. 10 என்பது வழக்கமாக ஒரு நாளைக்குக் கொடுக்கும் உச்ச அளவு. கால் வீங்கியதும் அதே இரண்டு மாதம்தான் என்கிறீர்கள். கணுக்கால் வீக்கம் இந்த மருந்தின் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு, அளவு கூடக்கூட அதிகமாகும். அது அவருக்கு இதனால்தான் வந்ததா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், ஆனால் என் மனதில் முதலில் பட்டது அதுதான்.

இதில் எந்த டாக்டரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, இவர் எழுதியது அவருக்குத் தெரியாது, அவர் எழுதியது இவருக்குத் தெரியாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நம் கடற்கரைக் கிராமங்களில் மாத்திரை வாங்க பஸ் ஏறிப் போக முடியாமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதும் தெரியும். ஆனால் அரசு மாத்திரையும், தனியார் டாக்டர் மாத்திரையும், மகள் மதுரையிலிருந்து வாங்கி வந்த மாத்திரையும் ஒரே டப்பாவில் வந்து சேரும் இடம் உங்கள் இல்லம். அங்கே எல்லாச் சீட்டையும் ஒன்றாக விரித்து வைத்து, அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்து, எது இரண்டு தடவை வருகிறது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் நர்ஸ் வரும் நாளில் 22 பேருக்கும் இதைச் செய்யுங்கள். ஒரு நாளில் முடியாது, ஒரு நாளைக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இரட்டிப்பு தெரிந்தாலும் நீங்களே ஒன்றை எடுத்துவிடாதீர்கள், அன்றே டாக்டரிடம் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

அன்று காலை நீங்கள் கொடுத்த மாத்திரைதான் அவரைத் தள்ளிவிட்டதா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அம்லோடிபின் ரத்தத்தில் உச்சத்துக்கு வர 6 முதல் 12 மணி நேரம் ஆகும், பாதி அளவு குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆறரைக்குக் கொடுத்தது ஒன்பது மணிக்கு முழு வேகத்தில் இருந்திருக்காது, முந்தைய நாட்களின் மருந்துதான் உடம்பில் நின்றிருக்கும். ஆனால் கூட்டு மாத்திரையில் உள்ள மற்ற இரண்டும் அந்த இரண்டரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கியிருக்கும், அதனால் கொடுத்ததில் தப்பே இல்லை என்று உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். இதோடு ராத்திரி போன நீர், அப்புறம் கஞ்சி. வயதானவர்களுக்குச் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பிரஷர் இறங்குவது உண்டு, இது பலருக்குத் தெரியாது. இத்தனையும் ஒரே காலையில் சேர்ந்துகொண்டன.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கம் குடிதண்ணீர் என்றாலே குடம் கணக்கு, விலை கணக்கு. இல்லங்களில் இருக்கும் அப்பத்தாக்களும் ஐயாக்களும் காலமெல்லாம் தண்ணீரைச் சிக்கனம் பிடித்தே வளர்ந்தவர்கள், அதோடு பாத்ரூமுக்கு யாரையாவது கூப்பிட வேண்டுமே என்ற கூச்சத்தில் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். சித்திரை வைகாசி வெயிலில், உப்புக்காற்றில் வியர்த்துக் கொட்டுகிற ஊரில், நீர் மாத்திரை சாப்பிடும் ஒருவர் இப்படி இருந்தால் எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு வரத்தான் செய்யும். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை என்ற நாட்களில் நீர் மாத்திரையும் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் வகை மாத்திரைகளும் சிறுநீரகத்தையே பாதிக்கலாம், ஆகவே அந்த நாட்களில் மாத்திரை கொடுக்கும் முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும், பிரஷர் எண் நன்றாக இருந்தாலும் கேட்க வேண்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இதோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். உறவினர்கள் பார்க்க வரும்போது பழத்தோடு வலி மாத்திரை அட்டையும் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கேட்டு வாங்கி வையுங்கள். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் எவ்வளவு தண்ணீர் என்பதையும் டாக்டரே அளவு சொல்லியிருப்பார், அதை மீற வேண்டாம்.

இப்போது நீங்கள் இல்லத்தில் செய்ய வைக்க வேண்டிய ஒரே ஒரு காரியம், மற்றது எல்லாம் அப்புறம்கூட நடக்கட்டும். ஒவ்வொருவருக்கும் டாக்டர் கையால் ஒரு எண் எழுதி வாங்குங்கள். (98/60 என்றால் 98 மேல் அளவு, 60 கீழ் அளவு.) 'மேல் அளவு இதற்குக் கீழே போனால் இந்த மாத்திரையைக் கொடுக்காதே, நாடித்துடிப்பு இதற்குக் கீழே போனால் இதைக் கொடுக்காதே, இந்த நம்பருக்குக் கூப்பிடு' என்று மூன்று வரி, கையெழுத்து, தேதி. பல டாக்டர்கள் மேல் அளவு 100 என்றும், நாடித்துடிப்பையும் குறைக்கிற மெட்டோப்ரோலால், அட்டனலால் போன்றவற்றுக்கு நாடி 50 அல்லது 60 என்றும் எழுதுவார்கள். ஆனால் அதை நீங்களே எல்லோருக்கும் பொதுவாகச் சுவரில் எழுதி ஒட்டிவிடாதீர்கள். இதயம் பலவீனமான ஒருவருக்கு 95 என்பதே அன்றாட அளவாக இருக்கலாம், அவருக்கு அந்த மாத்திரை பிரஷருக்காக இல்லாமல் இதயத்துக்காக எழுதியதாக இருக்கும், 100-க்குக் கீழே என்று தினமும் தள்ளி வைத்தால் அவர் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். அதோடு மெட்டோப்ரோலால், அட்டனலால், குளோனிடின் இவற்றை நாள்கணக்கில் திடீரென்று விட்டுவிட்டால் பிரஷரும் துடிப்பும் எகிறிவிடும். ஸ்டாக் தீர்ந்துபோனது என்பதற்காக விடவே கூடாது, அட்டையில் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே வாங்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வேளை தப்பிப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள், எந்த மாத்திரையாக இருந்தாலும்.

எண்ணை நம்ப வேண்டுமென்றால் அளப்பதும் சரியாக இருக்க வேண்டுமே. காபி டீ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்கட்டும், சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும், ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரட்டும், கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்க, பட்டையை ஜாக்கெட் கை, சட்டைக் கை மேல் சுற்றாமல் தோலின் மேல் சுற்றி, பேசாமல் அளக்க வேண்டும். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை சுற்றினால் எண் குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சின்னது சுற்றினால் கூட்டிக் காட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது தடவை பாருங்கள். கடல் பக்கத்து வீடுகளில் மிஷினின் பேட்டரி முனை சீக்கிரம் துருப்பிடிக்கும், மாதத்தில் ஒரு தடவையாவது திறந்து துடையுங்கள், நர்ஸ் வைத்திருக்கும் கருவியோடு ஒப்பிட்டும் பாருங்கள். அப்புறம் விழுந்தவர், தள்ளாடுகிறவர், புதிதாக மாத்திரை மாறியவர் எல்லோருக்கும் நிற்க வைத்துப் பார்ப்பது அவசியம்: ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்தில் ஒரு தடவை, மூன்றாம் நிமிஷத்தில் ஒரு தடவை, பக்கத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருக்க. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் 130 இருக்கும், நின்றால் 102 ஆகும், விழுவது நிற்கும்போதுதானே.

மாத்திரையைக் காலையில் கொடுப்பதா ராத்திரியிலா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் 21,104 பேரை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2022-ல் வெளிவந்தது, காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இவற்றில் வித்தியாசம் இல்லை. ஆகவே டாக்டர் குறிப்பாகச் சொல்லாதவரை, தினமும் ஒரே நேரத்தில் தவறாமல் கொடுக்க உங்களுக்கு எது வசதியோ அதை அவரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் மாத்திரை மட்டும் காலையில்தான், ராத்திரி கொடுத்தால் இருட்டில் நாலு தடவை எழுந்து நடப்பார்கள். நோன்பு வைப்பவர்கள் இருந்தால் ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து சஹருக்கு (விடியலுக்கு முன் சாப்பிடும் நேரத்துக்கு) எது, நோன்பு திறந்த பிறகு எது என்று மாற்றி எழுதி வாங்குங்கள். ஆடி அமாவாசைக்கு தேவிபட்டினத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ விரதத்தோடு கடலில் குளிக்கப் போகிறவர்களுக்கும் இதேதான்.

கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: இந்துப்பு என்பதும் சோடியம் உப்புதான், பிரஷருக்கு நல்லது என்று தாராளமாகப் போடாதீர்கள். சோடியம் குறைத்த உப்பு என்று பாக்கெட்டில் வருவதில் பொட்டாசியம் இருக்கும், டெல்மிசார்டன், எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்துக்கே ஆபத்தாகலாம், கேட்காமல் வாங்க வேண்டாம்.

விழுங்க முடியாதவர்களுக்கு மாத்திரையை இடித்துக் கஞ்சியில் கலப்பதாக எழுதியிருந்தீர்கள். அட்டையில் ஈஆர் (ER), எக்ஸ்எல் (XL), எஸ்ஆர் (SR), ரிட்டார்ட் (Retard) என்று ஏதாவது போட்டிருந்தால் இடிக்கவே கூடாது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மற்றதையும் கேட்டுவிட்டே இடியுங்கள்.

பிரஷர் 180, 190 என்று காட்டினால் நிபிடிபின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்குக்கு அடியில் விடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பிரஷர் சடாரென்று விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கிறது, 1990களிலேயே இது வேண்டாம் என்று எச்சரித்துவிட்டார்கள். உங்கள் அலமாரியில் அது அவசரத்துக்கு என்று இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். வேறு தொந்தரவு இல்லாமல் எண் மட்டும் அதிகம் என்றால் அமைதியாக உட்கார வைத்து மறுபடி பாருங்கள், வலியா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, நேற்றைய மாத்திரை போனதா என்று பாருங்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், தாங்க முடியாத தலைவலி இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108.

ஆளை மாற்றிக் கொடுப்பது பற்றியும் சொல்கிறேன், மகன் உங்களைச் சந்தேகப்படுவது அதில்தானே. இது எனக்கே நடந்தது. 1990களில் ஒரு வார்டில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள், மதியம் ஃபேன் காற்றுக்காகக் கட்டில் மாறிப் படுத்துக்கொண்டார்கள், நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவர் 'ம்' என்றார், அட்டனலாலைக் கொடுத்துவிட்டேன். அவர் ஆஸ்துமாக்காரர். கொஞ்ச நேரத்தில் இழுப்பு வந்துவிட்டது. டாக்டரிடம் உடனே ஓடிச் சொன்னதால் பிழைத்தார், அன்று நான் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். நம் ஊரில் முனியம்மாளும் சேதுவும் அந்தோணியும் எல்லா இல்லத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள், காது கேட்காதவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார், பிறந்த தேதி பாதிப்பேருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொருவர் பெயர் அட்டையிலும் போட்டோ ஒட்டுங்கள், ஊர்ப்பெயரும் கணவர் அல்லது தகப்பனார் பெயரும் எழுதுங்கள், 'நீங்க முனியம்மாளா' என்று கேட்காமல் 'உங்க பேர் என்ன, எந்த ஊரு' என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். பாட்டில் மூடியில் காலை மாத்திரை, மாலை மாத்திரை என்று முன்கூட்டியே பிரித்து வரிசையாக அடுக்கி வைக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து இன்றோடு விடுங்கள். அட்டையிலிருந்து பிரித்துவிட்டால் எது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது, கடல் ஈரத்தில் மாத்திரையும் கெட்டுப்போகும். ஆளுக்கு முன்னால் அட்டையைப் பார்த்து, அப்போதே பிரித்து, விழுங்கும் வரை நின்று, உடனே நோட்டில் எழுதுங்கள். கொடுத்தவர்தான் எழுத வேண்டும், சாயங்காலம் மொத்தமாக டிக் போடக் கூடாது.

மகனிடம் என்ன சொல்வது? நடந்ததை அப்படியே சொல்லுங்கள், தனியாகப் போகாதீர்கள், நர்ஸும் பொறுப்பாளரும் கூட இருக்கட்டும், முடிந்தால் டாக்டர் முன்னால். 98/60 இருந்தது, கேட்டேன், கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன், இரண்டு சீட்டிலும் ஒரே மருந்து இருந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும், பொறுப்பாளர் சொல்ல வேண்டாம் என்றுகூடத் தடுக்கலாம், ஆனால் அந்த மகன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது, நாளைக்கு அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப் போனாலும் அதே இரண்டு மாத்திரையைத்தான் அவரும் கொடுப்பார். நோட்டில் பழைய தேதிக்குப் போய் எதையும் சேர்த்தோ அடித்தோ எழுதாதீர்கள், யார் சொன்னாலும் எழுதாதீர்கள். அன்று எழுதியது குறைவாக இருந்தால் இன்றைய தேதி போட்டு, நினைவிலிருந்து எழுதுகிறேன் என்று தனியாக எழுதி வையுங்கள்.

அப்பத்தா இப்போது என்ன மாத்திரையில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் மூன்றாவதாக ஒரு சீட்டு கொடுத்திருப்பார்கள், அதில் வலி மாத்திரை இருக்கும். மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், எண்ணையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பத்தாவைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது முதலில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம் உட்கார வையுங்கள், பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டச் சொல்லுங்கள், அப்புறம் நிற்கட்டும், கிறுகிறுப்பு இல்லை என்று அவரே சொன்ன பிறகு நடக்கட்டும். இடது கையால் இப்போதைக்குச் சுவரைப் பிடிக்க முடியாது, அந்தப் பக்கம் நீங்கள் நில்லுங்கள்.